உஷாந்தி வரைந்த உறக்கம்

எல்லாரும் சுகமாய் இருக்கிறீர்களா? இந்த மழைக்குத் தடிமன், காய்ச்சல் ஒன்றும் இல்லைத்தானே? சரி, கேளுங்கள்.

தூரிகையைக் கழுவிக்கொண்டு வந்த உஷாந்தி படத்தின் முன் நின்றுவிட்டாள். மூடியிருப்பதாய் அவள் வரைந்த இமைகளுக்கு நடுவே நூலளவு வெள்ளை தெரிந்தது. அந்த வெள்ளையை அவள் பூசவில்லை.

வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் அவள். ஞாயிறு பின்னேரங்களில், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஃபிளாட்டில், உறங்குகிறவர்களை வரைவாள். மருந்து ஏறியதும் ஆள் எங்கே போகிறான், இங்கே கிடப்பது யார் என்ற கேள்வி அவளை விட்டதில்லை. இன்றைக்கு நண்டுக் கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்த கணவன் லவன் அகப்பட்டான். படுக்கும்போதே பகிடி விட்டான்.

"முழிச்சிருக்கிற ஆக்களைக் கீற உமக்குத் தெரியாதோ?"

"முழிச்சிருந்தா நீங்கள் கதைச்சே படத்தைக் கெடுத்துப்போடுவியள்."

கடைசிக் கோட்டை இழுத்ததும், ஒப்பரேஷன் முடிந்தவர்களிடம் சொல்லும் பழக்கத்தில், படத்தைப் பார்த்து அவள் மெல்லச் சொல்லியிருந்தாள்.

"லவன், கண்ணைத் திறவுங்கோ."

சொன்னது அவனுக்கல்ல, படத்துக்கு என்பது இப்போதுதான் உறைத்தது.

கீழே கரையோர ரயில் கடந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கி, உப்புக் காற்றும் டர்ப்பன்டைன் நெடியும் ஒன்றாய்க் கலந்து அறையைச் சுற்றி, மெல்ல மெல்ல எல்லாம் ஓய்ந்தபோது, இன்னொரு சத்தமும் ஓய்ந்திருப்பதை அவள் காது கண்டுகொண்டது. லவனின் குறட்டை.

ஓடிப்போய் உலுப்பினாள். தமிழில் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில், சிங்களத்தில், ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிறமாதிரியே. நாடி இருந்தது. மூச்சு இல்லை. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

திரும்பினாள்.

படத்தில் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. ஈரமாய். அவளையே பார்த்தபடி. பயந்துபோன, லவனின் கண்கள்.

கத்தியால் கிழிக்கலாம். உள்ளே இருப்பது அவனென்றால்? இமையைத் திரும்பப் பூசலாம். மூடியபின் திறக்காவிட்டால்?

தெரிந்த வேலை ஒன்றுதான். மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். அவன் நெஞ்சு எழவில்லை. மறுபடி ஊதினாள்.

முதுகுக்குப் பின்னால் துணி விறைக்கும் சத்தம்.

நெஞ்சை வரைந்த இடத்தில் கன்வஸ் புடைத்தது. தணிந்தது.

ஃபோன் மற்ற அறையில். எழும்பி ஓரடி வைத்தாள். படத்தின் உதட்டில் நீலம் ஊறியது. திரும்பி விழுந்து ஊதினாள்.

ஊதினாள். புடைத்தது. ஊதினாள். அசையாத அந்த வாய்க்குள் அவள் ஊத ஊத, கன்வஸ் எழுந்து எழுந்து தணிந்தது. திறந்த கண்கள், நிறுத்திவிடாதே என்று அவளைப் பார்த்துக்கொண்டேயிருந்தன.