ஐயச்சாட்சி

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் அடுக்ககத்து வாசலில் நின்று பார்த்தால், சாட்சிக்குப் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்காமல், பின்கழுத்தைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு, ஒரு மாதிரி திருட்டு முழியோடு பஸ்ஸுக்கு நிற்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நோவுப்பட்டை ஒட்டாது. "என்ன, இன்னைக்குச் சிறுநீரகக் கல்லா?" என்று கேட்டால், "இல்லக்கா, பல்லு. அதுவும் கடைவாப்பல்லு" என்று முகத்தைச் சுளிப்பார்கள். கூச்ச சுபாவம், பாவம். நான் அப்படியில்லை. அழைப்பு வந்துவிட்டால் முதல் நாளே தலைகுளித்துத் தயாராகிவிடுவேன்.

பின்னே? ஒருத்தர் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று உள்ளேயே போய்ப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர, அரசாங்கமே அழைக்கிறது. வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? இதுவரை இருபத்திரண்டு சாட்சி சொல்லியிருக்கிறேன். மூன்றாம் மாடி ஆரோக்கியத்தின் பித்தப்பை, எதிர் பிளாக் வாத்தியாரின் மூலநோய் எல்லாம் எனக்கு அத்துப்படி. வாத்தியார் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார்.

ஒரு காலத்தில் வலியை வாயால் சொன்னாலே போதுமாக இருந்ததாம். சொல்கிறவர்கள் எல்லாம் பத்துக்குப் பத்து என்றார்கள். கேட்கிறவர்கள் எல்லாம் நடிப்பு என்றார்கள். பிறகு, ஒருவர் வலியை இன்னொருவர் உடம்புக்குக் கடத்தும் பட்டை வந்தது. பட்டைக்குப் பின்னால் நோவாயம் என்ற தீர்ப்பாயம் வந்தது. வேலையில் ஒரு சலுகை வேண்டுமென்றால், உன் வலியை இன்னொருவர் சுமந்து பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். பெற்றவள், கட்டியவன் சாட்சி செல்லாது; பாசம் வலியைக் கூட்டிக் காட்டுமாம். அக்கம்பக்கத்து ஆள்தான் வேண்டும். அதிலும் 'இவளுக்கு ஒரு கேடும் இல்லை' என்று முன்பே எழுத்தில் கொடுத்த ஆள் கிடைத்துவிட்டால் ஆயத்துக்கு அடித்தது யோகம். அந்த ஆளுக்குப் பெயர் ஐயச்சாட்சி. பிலோமி வழக்கில் அது நான்.

பிலோமி என் பக்கத்து வீட்டுக்காரி. தூத்துக்குடித் துறைமுகத்தின் தொலைக்கூடத்தில் உட்கார்ந்து, உணர்கையுறையை மாட்டிக்கொண்டு, அரை மைலுக்கு அப்பால் நிற்கும் கிரேனை ஓட்டுகிறவள். பதினோரு வருஷமாக முழு ஷிப்ட், வாரம் ஆறு நாள். ஆனால் அடுக்கக முறைப்படி மொட்டைமாடி கூட்டும் நாள் வந்தால் மட்டும், "முடியலக்கா" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். எனக்குப் பொறுக்கவில்லை. 'வேலைக்குப் போக உடம்பு இருக்கிறது, மாடி கூட்ட மட்டும் இல்லையா?' என்று அடுக்ககச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். அது எப்படியோ ஆயத்தின் கோப்புக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

அவளுக்கு வந்திருப்பது ஃபைப்ரோமயால்ஜியா. ஆயத்துத் தமிழில் எங்குநோவு. எந்தப் படத்திலும் தெரியாது, எந்த ரத்தத்திலும் சிக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரம் படுக்க இடம், கையுறையின் இறுக்கத்தில் கொஞ்சம் தளர்வு. அவள் கேட்டது இவ்வளவுதான். நிர்வாகமோ, வலி பொறுக்கக்கூடியதென்றால் சலுகை எதற்கு, பொறுக்க முடியாததென்றால் கிரேன் எதற்கு என்று கேட்டது. ஆகவே சாட்சிப் படிவத்தில் இரண்டே கட்டம். பொறுக்கலாம். பொறுக்க முடியாது. சாட்சி நடுவில் தாங்காமல் விடுவிப்புப் பொத்தானை அழுத்திவிட்டால், இரண்டாவது கட்டத்தை இயந்திரமே நிரப்பிவிடும். அன்றோடு பிலோமிக்கு வேலை போய்விடும்.

எங்குநோவுக்குப் பதினைந்து நிமிடம் போதாது, ஒரு முழு ஷிப்ட் என்றார் பதிவாளர் சுடலைமுத்து. சரி, எட்டு மணி நேரம் துறைமுகம் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று போனேன்.

என்னைப் பார்த்ததும் பிலோமி சிரித்துவிட்டாள். "நீங்களாக்கா? நல்லாப் போச்சு."

"ஏட்டி, நான் உள்ளதத்தான் சொல்லுவேன்."

"நீங்க உள்ளதச் சொல்லி நான் கேட்டதே இல்லையே." சிரிப்பு நின்றது. "இன்னைக்கு ஒரு நாள் கூட்டாமக் குறைக்காமச் சொல்லிருங்கக்கா. எனக்குப் பாதி வேலை வேண்டாம். வீட்ல இருந்துக்கோன்னு சொல்லவும் வேண்டாம். இந்த வேலை வேணும், முழுசா."

பட்டை ஒட்டியதும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கல் என்றால் குத்தும், பல் என்றால் தெறிக்கும். இது இரண்டும் செய்யவில்லை. நேற்று யாரோ என்னை உரலில் போட்டு இடித்துவிட்டு, இன்று ஒன்றும் நடக்காததுபோல் எடுத்து நாற்காலியில் வைத்த மாதிரி இருந்தது. "இதுக்கா ஆயம் வரைக்கும் வந்தே?" என்று கேட்டும் விட்டேன்.

பிலோமி கையுறையை மாட்டினாள். "இப்பத்தான ஏழு மணி."

அது போகவில்லை. அதுதான் அதன் வித்தை. எட்டரைக்கு என் ஜாக்கெட்டின் தையல் தோளில் கம்பியாக அழுத்தியது. அடுத்த மேசையில் ஒருவர் டிபன் மூடியைத் திறந்தார். சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. தொடை குடைந்தது, முழங்கை கடுத்தது, உள்ளங்கால் காந்தியது. ஒன்றைக் கவனித்தால் மற்றது கோபித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

பிறகு பெயர்கள் போயின. எனக்கு! அறுபத்து நான்கு வீட்டுக் கதையையும் நுனிநாக்கில் வைத்திருக்கிற எனக்கு, கீழ்வீட்டுக்காரியின் பெயர் வரவில்லை. முகம் வந்தது, அவள் மருமகள் பெட்டியோடு கிளம்பிப் போன கதை வந்தது, பெயரை மட்டும் காணோம். மூளைக்குள் பனி இறங்கியிருந்தது.

அதே பனிக்குள் உட்கார்ந்துதான் அவள் சரக்குப் பெட்டி எண்களைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அப்புறம்தான் தூக்கினாள். கப்பலிலிருந்து முப்பது டன் பெட்டி எழுந்தது, கடல்காற்றில் ஒரு சுற்றுத் திரும்பியது, அவள் கட்டைவிரலை லேசாக மடக்கியதும் அடங்கியது. அதை லாரியில் இறக்கினாள். லாரி டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டி வந்து உட்கார்ந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நான் திறந்த வாய் மூடாமல் பார்த்தேன். அவள் கையிலிருந்த வலிதான் என் கையிலும் இருந்தது. என்னால் மூக்குத்தித் திருகைக்கூடத் தொட முடியவில்லை.

பன்னிரண்டரைக்கு என் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. பிலோமி கண்ணாடித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அமுக்கணும்னா அமுக்குங்கக்கா. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்." பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். "ஆனா முதல்ல நாக்க மேலண்ணத்துலேருந்து எடுங்க. தோளு காதுகிட்ட இருக்கு பாருங்க, இறக்குங்க. அதுகூடச் சண்டைக்கு உக்காராதீங்க. அது கிளம்பாது. நாமதான் நம்ம சோலியப் பாக்கணும்."

தோளை இறக்கினேன். வலி ஒரு இழை குறைந்தது. ஒரே ஒரு இழை.

"நீ எப்பமாச்சும் இந்தப் பொத்தான அமுக்கிருவோம்னு நினைச்சிருக்கியாட்டி?"

"எனக்கு ஏதுக்கா பொத்தான்?"

கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். மூன்று மணி வரைக்கும்.

மூன்றுக்குப் பட்டையைப் பிய்த்தார்கள். விளக்கை அணைத்ததுபோல் எல்லாம் நின்றது. உடம்பு பஞ்சாகிவிட்டது. கீழ்வீட்டு ஜெபமணி, ஜெபமணி, என்று உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், கண்ணில் நீர் முட்டியது. பிலோமியும் தன் பட்டையைக் கழற்றினாள். அவளுக்கு ஒன்றும் மாறவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "டீ வேணுமாக்கா?" என்றாள்.

பதிவாளர் படிவத்தை நீட்டினார். "பொறுக்கலாமா, முடியாதாம்மா?"

"பொறுக்க முடியாது சார். ஆனா அவ பொறுத்துக்கிடுதா."

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"அப்பம் ரெண்டு கட்டமும் பொய். நான் பாத்ததச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. ஏழு மணிக்குப் பட்டை ஒட்டுனாங்க..."

அரைமணி நேரம் சொன்னேன். தோள்பட்டையில் மட்டும் எத்தனை விதமான வலி என்று சொன்னேன். ஆயத்தின் முதல் விதி, சாட்சியின் சொல்லை யாரும் இடைமறிக்கக் கூடாது. சுடலைமுத்து கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் மேசையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, வாக்குமூலம் முடிஞ்சாத்தான் கட்டத்த நிரப்ப முடியும். முடியுற வரைக்கும் அந்தப் பொண்ணு கேட்ட ஏற்பாடு இடைக்காலமா நடக்கும். படுக்கை, கையுறைத் தளர்வு எல்லாம். அதனால சீக்கிரம் முடிக்கப் பாருங்க."

"முடியுற வரைக்குமா சார்?"

"முடியுற வரைக்கும்."

யாரிடம் வந்து சொல்கிறார் பாருங்கள்.

வாரம் ஒரு செவ்வாய் ஆயத்துக்குப் போகிறேன். ஒரு மணி நேரம் பேசுகிறேன். நான்கு மாதம் ஆகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குத் தேவை வரவில்லை. நிர்வாகத்து வக்கீல் முதலில் கொட்டாவி விட்டார்; இப்போது குறிப்பெடுக்கிறார். பிலோமி ஆறு நாளும் முழு ஷிப்ட் பார்க்கிறாள், நடுநடுவே கால்மணி படுத்து எழுந்து.

நேற்றுக் காய்கறிக் கடையில் என்னைப் பிடித்தாள். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே, "எதுவரைக்கும் வந்திருக்கீங்கக்கா?" என்று கேட்டாள்.

"அன்னைக்கு ஒன்பதரை மணி வரைக்கும் சொல்லிட்டேன்ட்டி."

"ஒன்பதரையா?" அவள் கணக்குப் பார்ப்பதுபோல் கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் கழுத்து இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."