ஜம்ப் 108

"வாங்க!" என்று மட்டும் வர வேண்டிய கம்ப்யூட்டர் திரையில், அதன் பின்னாலேயே கோடும் குறியுமாக ஏதேதோ வந்தது. நடுவில் இரண்டு குட்டி முகங்கள் வேறு சிரித்தன.

சீனிக்கு முகம் சுண்டிப்போனது. நாளைக்குப் பள்ளி ஆண்டுவிழா. வருகிறவர்களை அவன் எழுதிய புரோகிராம்தான் வரவேற்க வேண்டும்.

"யாரோ கை வச்சிருக்காங்க!" என்றான்.

அவன் வகுப்புத் தோழி இசக்கிச்செல்வி, பக்கத்தில் நின்ற ஆஸ்லினை ஓரக்கண்ணால் பார்த்தாள். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது ஆஸ்லின் மட்டும் இந்தக் கம்ப்யூட்டர் அறையில் இருந்தாள். 'என்ன செஞ்சே?' என்று கேட்டதற்கு, 'சும்மாத்தான்' என்றாள். ஏன் மழுப்பினாள்?

சீனி தன் புரோகிராமைப் பிரித்து வரிவரியாகத் திரையில் காட்டினான்.

"முதல் வரியப் பாரு. ஜம்ப் 108. நூத்தி எட்டாவது இடத்துக்குத் தாவுன்னு அர்த்தம். ஆனா பக்கத்துல, கம்ப்யூட்டர் படிக்கிற மிஷின் எண்ணுல 06-ன்னு இருக்கு! ஆஸ்லின்தான் மாத்திட்டா. சார்ட்ட சொல்லி அவள உள்ளயே விடாம பண்ணுதேன்."

"நான் அதத் தொடவே இல்ல," என்றாள் ஆஸ்லின். அவள் குரல் உடைந்தது.

இசக்கிச்செல்விக்கும் சந்தேகம்தான். ஆனாலும் அந்தக் குரல் அவளை என்னவோ செய்தது.

"ஏலே சீனி, எங்க கண்ணு முன்னால அந்த வரிய நீயே திரும்ப அடி."

சீனி அடித்தான். ஜம்ப் 108. பிரித்துப் பார்த்தால் மறுபடியும் 06!

"இப்ப யாரு மாத்துனா?"

இசக்கிச்செல்வி வரிகளுக்கு இடதுபக்கம் இருந்த இட எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். முதல் வரி 100. அடுத்தது 102.

"அடுத்த வரியில இருந்து எண்ணுதுலே! நூத்தி ரெண்டோட ஆறு. நூத்தி எட்டு! போகவேண்டிய இடம் 108, தாவவேண்டிய தூரம் 06. ரெண்டும் சரிதான்."

"அப்ப இந்த முகமெல்லாம்?" என்றான் சீனி.

"'வாங்க'வுக்குப் பின்னால டாலர் குறி போடணும்," என்றாள் ஆஸ்லின் மெதுவாக. "அதப் பாத்தாத்தான் கம்ப்யூட்டர் நிக்கும். இல்லன்னா பின்னால கெடக்குறதையெல்லாம் எழுத்தா காட்டிரும். நீ ஆச்சரியக்குறி போட்டிருக்க. மதியம் நானும் ஒரு புரோகிராம் எழுதிப் பாத்தேன். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

"இத முன்னாலயே சொல்லிருக்கலாம்லா?" என்றான் சீனி.

"பேச விட்டாத்தானே?"

சீனி நாற்காலியை விட்டு எழுந்தான். "நீயே மாத்து. நான் தொடல."

ஆஸ்லின் ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டு டாலர் குறியைப் போட்டு ஓடவிட்டாள். திரையில் "வாங்க" மட்டும் வந்தது.

"வாங்க," என்றான் சீனியும். தான் எழுந்த நாற்காலியை ஆஸ்லின் பக்கம் தள்ளினான்.