தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

அடி அண்ணாமலையில் தங்கை தமிழ்செல்வி வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். பையில் கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை, பெரியவள் கவிநிலாவுக்குத் தேன்மிட்டாய். ஆட்டோ சத்தம் கேட்டாலே ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொள்வாள் அவள். அன்று வரவில்லை.

"எங்க என் பொண்ணு?" என்றேன்.

எனக்குப் பிள்ளை கிடையாது. அதைச் சாக்காக வைத்து என் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு போய்விட்டார், போகட்டும். நிலாவை என் பெண் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். தமிழ்செல்விக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டால் எனக்கென்ன?

"தம்பியைக் கிள்ளி வெச்சுட்டா அக்கா. அவங்க அப்பா ரெண்டு போட்டாரு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுகினு எங்கனா உக்காந்திருப்பா."

அவள் புருஷன் முருகவேல் சிரித்துக்கொண்டே வந்தார். "வழக்கம்போலத்தான் சொன்னேன்கா. நீ எங்க புள்ளயே இல்ல, ஒரு படி தவிட்டுக்கு வாங்கினோம், உங்க அம்மா மலைச் சுனையில இருக்கா, அவகிட்டயே போன்னு."

ஊரில் எல்லா அப்பன்களும் பண்ணுகிற கேலிதான். ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து அதையே கேட்டு வளர்ந்தவள் அவள். கரும்பாறை, ஒற்றை மரம், அடியில் பச்சைத் தண்ணீர் என்று கிடைத்த காகிதத்தில் எல்லாம் அந்தச் சுனையைத்தான் வரைந்து வைப்பாள். "பெரிம்மா, எங்க அம்மா அங்க தல வாரிகினு இருப்பாங்களா?" என்று என்னையே கேட்டிருக்கிறாள்.

கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டு மூட்டையின் வாய் அவிழ்ந்து கிடந்தது. அளக்கிற படியைக் காணவில்லை.

வாங்கின விலையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறாள், கிறுக்குக் கழுதை.

"சுனை எங்க இருக்குன்னு சொன்னீங்க மாப்ள?"

"அங்க சுனையே கிடையாதுக்கா. சும்மா மலைப் பக்கம் கையைக் காட்டினேன்." அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிரிவலப் பாதையில் தேடப் போனார். நான் வீட்டுக்குப் பின்னால் மலையில் ஏறினேன். பாறைகள் மேல் அங்கங்கே தவிடு சிந்தியிருந்தது. முள் புதருக்குள் நுழைந்து, மஞ்சம்புல்லை ஒதுக்கிக்கொண்டு, நேராக மேலே போயிருக்கிறாள். ஓரிடத்தில் அவள் செருப்பு ஒன்று அறுந்து கிடந்தது. அதைத் தாண்டியும் தவிடு போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏற ஏறக் கீழே ரோட்டுச் சத்தம் தேய்ந்தது. பஸ் ஹாரன் இல்லை, ஒலிபெருக்கிப் பாட்டு இல்லை. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அந்தக் கொதிக்கிற வெயிலில் எங்கிருந்தோ புளித்த பால் வாடை வந்தது. பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில் வருமே, அந்த வாடை.

பாறையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஒற்றை மரம். அடியில் பச்சைத் தண்ணீர்.

அவள் வரைந்தது வரைந்தபடியே இருந்தது.

நீர் ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நிலா."

திரும்பவில்லை. தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். படியிலிருந்த தவிட்டை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

"பசிக்குது," என்றாள். "என்னைக் கூட்டிகினு போறியா?"

அவளை வாரி எடுத்துக்கொண்டேன். உடம்பு சில்லென்று இருந்தது. பயந்துவிட்டது பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். வீடு தெரிந்ததும் இறக்கிவிட்டுக் கையைப் பிடித்து நடத்தி வந்தேன்.

கதவைத் தட்டினேன். தமிழ்செல்வி திறந்தாள்.

அவள் இடுப்பில் நிலா இருந்தாள்.

ஒரு காலில் செருப்பு. மற்றக் காலில் ரத்தம். முள் கிழித்த முகத்தில் கண்ணீர் காய்ந்து கிடந்தது. என் கையைப் பிடித்திருந்தவளைப் பார்த்ததும் அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அதுதான்மா," என்று முனகினாள். "அதுதான் தவிட்டை வாங்கிகிச்சு. என் மூஞ்சி மாதிரியே மாத்திகிச்சு. நான் ஓடியாந்துட்டேன்."

தமிழ்செல்வி நிலாவை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். "அக்கா, அந்தக் கையை விட்டுட்டு உள்ள வா."

நான் கீழே பார்த்தேன். அந்தப் பாதங்களில் ஒரு கீறல்கூட இல்லை.

"சீக்கிரம் வாக்கா."

விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். அப்போதுதான் அது என்னை அண்ணாந்து பார்த்தது.

"அம்மா," என்றது.

என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

தமிழ்செல்வி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

வேங்கிக்காலில் என் வீட்டில்தான் இருக்கிறாள் இப்போது. தலை வாரிப் பூ வைத்தால் அத்தனை அழகு. வேலை முடிந்து வந்தால் கதவுக்குப் பின்னாலிருந்து "அம்மா" என்பாள், எனக்குக் களைப்பே போய்விடும். சாப்பாடுதான் பிரச்சினை. சோற்றைத் தொடமாட்டாள். கொஞ்ச நாள் தவிடு தின்றாள், பிறகு அதையும் ஒதுக்கிவிட்டாள். எலும்பும் தோலுமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்.

"என்னதான்டி வேணும் உனக்கு?" என்று ஒருநாள் கத்தினேன்.

"தம்பி," என்றாள்.

பளாரென்று அறைந்தேன். அவள் அழவில்லை. அன்றிலிருந்து என்னைப் 'பெரிம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். காலையில் பெரிம்மா, சாயங்காலம் பெரிம்மா. எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி தாங்குவாள்?

நேற்று சரி என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கு அடி அண்ணாமலைக்குப் போகிறேன். தமிழ்செல்வி என்னோடு பேசுவதில்லைதான். ஆனால் கூடப் பிறந்தவள், வாசலில் நின்று அழுதால் திறக்காமல் போய்விடுவாளா? பையன் தவழ ஆரம்பித்துவிட்டானாம், கொழுகொழுவென்று இருக்கிறானாம்.

"நேரத்தோட படும்மா, காலைல கிளம்பணும்," என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. என்ன அக்கறை பாருங்கள்.