பாலில் போட்ட செயின்

காலை ஆறு மணி. லோகநாயகி சொம்பை மூடியிருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தாள். சொம்பில் பால் இருந்தது. முந்தின இரவு அதில் போட்ட தாலிச் செயினைக் காணோம்.

கணவன் உத்தமன் இறந்து பத்து நாள்; தாலி கழற்றும் சடங்கு நேற்றிரவுதான் முடிந்தது. ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். பென்ஷன் எப்போது வருமோ தெரியாது, குவார்ட்டர்ஸை மட்டும் காலி செய்தாக வேண்டும். பட்டாபிராமில் பார்த்து வைத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவளிடம் இருந்தது அந்த ஐந்து பவுன்தான். போலீசுக்குப் போன் செய்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் பொன்னம்மாள் வந்தார். தான் பேசுவதைவிட மற்றவர்களைப் பேசவிட்டுக் கேட்கிற மனுஷி. இரவு வீட்டில் தங்கியது மூன்றே பேர்: லோகநாயகி, உத்தமனின் தங்கை பார்வதம், பக்கத்து வீட்டு விதவை துலுக்கானம். கதவு உள்தாழ்ப்பாள். கூரையைப் பிய்த்துக்கொண்டு எவனும் இறங்கியிருக்க முடியாது. சர்க்கார் கட்டிய கான்கிரீட்.

முதலில் துலுக்கானத்தை அடுப்பங்கரைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். லோகநாயகியும் கூட நின்றாள்.

"தாலியைக் கழட்டினது நீதானே?"

"ஆமாம்மா. புருசன் இல்லாதவதானே கழட்டணும். கதவ சாத்திகினு நானும் லோகாவும் மட்டுந்தான் இருந்தோம். கொக்கி நசுங்கி கீது, கழலவே இல்ல. பாக்குவெட்டியால நறுக்கிட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அத்தப் போயி வெளில சொல்லுவாங்களா? சொம்புல போட்டு மூடினதோட சரி."

லோகநாயகியும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் செயினைத் தொட்டவள் துலுக்கானம் ஒருத்திதானே என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பும் வந்தது.

பார்வதம் கூடத்தில் இருந்தாள். நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது.

"தாலி கழட்டினதை நீங்க பார்த்தீங்களா?"

"ஐயய்யோ, கட்டுக்கழுத்தி அத்தப் பாக்கலாமா? மாடிப்படில போயி குந்திகினு இருந்தேன். அந்த சொம்பையே காலைலதான் பாத்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "துலுக்கானத்தக் கேளுங்க. இல்லாதப்பட்டவ." பிறகு லோகநாயகியிடம் திரும்பி ஆறுதல் வேறு சொன்னாள்: "வுடு அண்ணி. எப்டியும் நறுக்கின செயினு. சேட்டு முழு வெலை குடுக்க மாட்டான்."

பொன்னம்மாள் எழுந்தார். "உங்க பையைக் கொண்டாங்க."

"இன்னாத்துக்கு?"

"நறுக்கின செயினுன்னு சொன்னீங்க. அறுத்த செயின்னு சொல்லியிருந்தா நான் கவனிச்சிருக்கவே மாட்டேன். தாலி அறுத்தாங்கன்னு ஊரே சொல்ற வார்த்தை அது. நிஜத்துல எல்லாரும் கொக்கியைத்தான் கழட்டுவாங்க. இந்தச் செயினை நறுக்கினது அந்த ரூமுக்குள்ள இருந்த ரெண்டு பேருக்குத் தெரியும். அப்புறம், சொம்புல கையை விட்டவளுக்குத் தெரியும்."

பையில், மாற்றுப்புடவை மடிப்புக்குள் செயின் இருந்தது. பால் வாடை இன்னும் போகவில்லை.

"எங்க அண்ணன் சம்பாரிச்சது!" என்று பார்வதம் ஓவென்று அழுதாள். "இவ வித்துத் தின்னுடுவா!"

"விக்கத்தான் போறேன். எனக்கு இருக்க ஒரு ஊடு வேணும்," என்றாள் லோகநாயகி.

"கேஸ் எழுதட்டுமா?" என்று பொன்னம்மாள் கேட்டார்.

"வேணாம்மா. அவரு தங்கச்சி."

லோகநாயகி செயினைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். நேரே போய்த் துலுக்கானத்தின் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நாளைக்கு சேட்டுக் கடைக்கு நீதான் கூட வரணும். அதுவரைக்கும் இது உன் ஊட்டுல இருக்கட்டும், அக்கா."

காலையிலிருந்து கல்லாக நின்ற துலுக்கானம் அப்போதுதான் அழுதாள்.