இரட்டைத் தையல்

தையல்காரியும் அவள் கணவனும் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தபோது நாய் வாசலுக்கு வரவில்லை. இந்த ஒரு நாளுக்காகத்தான் மூன்று மாதமாக அதைப் பழக்கியிருந்தார்கள். அதுவோ உள்ளறையில், தொட்டிலுக்கு எதிரே இருந்த தகரப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து மூடியையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். காது மட்டும் அசைந்தது.

அதன் பேர் மாமியார். கணவனுக்கு அம்மா இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அவன் வளர்த்த பெட்டை நாய் அது. புதுப் பெண்ணாக வந்த நாளிலிருந்து, பாத்திரம் கழுவினாலும் படுக்கை விரித்தாலும் பின்னாலேயே வந்து நின்று நோட்டம் விட்டதால் அவள்தான் அந்தப் பேரை வைத்தாள். அவன் ரயில் ஓட்டுபவன், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். முறைத்துக்கொண்டே இருந்த அவளும் நாயும் போகப் போக ஒருவருக்கொருவர் துணையாகிப் போனார்கள்.

அவள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆறு மாதமானபோது நாய்ப் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தார்கள். செல்லமாக வளர்ந்த நாய்க்குக் கட்டாயம் பொறாமை வரும், இப்போதிருந்தே பழக்கிவிடுங்கள் என்றார் அவர். ஒரு பொம்மையைக் குழந்தை மாதிரியே வைத்துக்கொள்ள வேண்டும்; குழந்தை அழும் சத்தத்தைப் போனில் போட்டுவிட்டு, பொம்மையைத் தூக்கிச் சமாதானப்படுத்த வேண்டும். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார்.

“ஒப்புக்குக் கொஞ்சாதீங்கம்மா. மனசாரக் கொஞ்சணும். நாய் நடிப்பைக் கண்டுபிடிச்சிடும்.”

கடைப் பொம்மை எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தானே தைத்தாள். தன் வாசனை இருக்கட்டுமென்று பழைய நைட்டியை வெட்டி, சலித்த மணலைப் பஞ்சோடு கலந்து அடைத்து, சரியாக மூன்று கிலோ வரும்படி பார்த்துக்கொண்டாள். கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பொத்தான். கழுத்திலும் தோளிலும் இரட்டைத் தையல். யானை கட்டி இழுத்தாலும் பிரியாது என்று கணவனிடம் பீற்றிக்கொண்டாள்.

மனசாரத்தான் கொஞ்சினாள், அதில்தான் வினை வந்தது. ஆளில்லாத வீட்டில், நீண்ட பகல்களில், மெஷினை நிறுத்திவிட்டு அதை மடியில் போட்டுக்கொண்டு என் தங்கமே என்பாள். போனில் வரும் அழுகை ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன விக்கலோடு முடியும். அந்த விக்கல் வரும்வரை முதுகைத் தட்டிக்கொண்டேயிருப்பாள். உன்னை விட்டால் எனக்கு யார் என்றுகூட ஒருநாள் சொல்லியிருக்கிறாள். மாமியார் ஒரு தடவைகூடப் பொம்மையை நக்கவில்லை. நாலடி தள்ளி, முதுகு மயிர் சிலிர்க்க நின்று பார்க்கும். மேலே பாயவில்லை என்பதால், நன்றாகப் பழகிவிட்டது என்று இவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

வலி எடுத்த அன்று பொம்மையைத் தகரப் பெட்டியில் மல்லாத்திப் போட்டுக் கொண்டியை மாட்டினாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

வீடு திரும்பிய ஐந்தாம் நாள், தொட்டிலில் கிடந்த குழந்தையின் குல்லாய் நாலு துண்டாக இருந்தது. தொட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவே நின்று நாய் உறுமிக்கொண்டிருந்தது.

“பொறாமை. வேற என்ன? நாளைக்குக் கொழந்தையக் கடிச்சு வச்சா என்ன பண்றது?” என்றான் கணவன்.

“பல்லு பட்ட மாதிரி தெரியலீங்க.”

“அப்ப யாரு பண்ணது?”

அவள் துண்டுகளைக் கையில் எடுத்து ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். பல்லில் கிழிந்த துணிக்கும் தையல் பிரித்த துணிக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? நூலை ஒவ்வொன்றாக, பொறுமையாக யாரோ உருவியிருந்தார்கள். அவன் அந்தப் பக்கம் போனதும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். மல்லாத்திப் போட்ட பொம்மை குப்புறக் கிடந்தது. அடியில் விரித்திருந்த துணி, முகம் இருந்த இடத்தில் ஈரமாக இருந்தது. தொடாமல், திருப்பிப் பார்க்காமல், மூடிக் கொண்டியை மாட்டிவிட்டாள். கணவனிடம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பான்.

மறுநாள் மத்தியானம் வேலைக்குக் கிளம்பும்போது, நாயைப் பயிற்சியாளர் வீட்டில் விடுவதற்காக அவன் இழுத்துக்கொண்டு போனான். நாலு காலையும் தரையில் ஊன்றி அது மறுத்தது. நகம் தரையைக் கீறிக்கொண்டே போனது. வாசல் தாண்டும்வரை அதன் கண் குழந்தை பக்கம் திரும்பவே இல்லை, பெட்டியைத்தான் பார்த்தது.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. கூடத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஓட்டில் விழும் மழைச் சத்தத்தையும் ஈர மண் வாசனையையும் கேட்டும் முகர்ந்தும், இத்தனை நாளும் காலடியில் படுத்திருந்த அந்தச் சூடு இல்லாத குறையை அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் குழந்தை அழுதது.

அழுகையின் முடிவில் ஒரு விக்கல்.

எழுந்தவள் நின்றாள். போன் மெஷின் மேலேயே கிடந்தது, திரை கறுப்பாக. மறுபடி அழுகை. மறுபடி விக்கல்.

பால் கட்டிய மார்பு கனக்க, ஓடினாள். ஜன்னல் இல்லாத அறை மையிருட்டு. தொட்டிலுக்குள் கையைவிட்டு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை உடனே நின்றது. சரியான எடை. உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்து இடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒண்டியது.

“என் தங்கமே. அம்மா வந்துட்டேன்.”

முதுகைத் தட்டிய கை மேலே போயிற்று. பிடரியில் நின்றது.

விரலுக்கடியில் ஒரு மேடு. பக்கத்திலேயே இன்னொன்று. சீராக. நூல்.

அப்போதுதான் தகரத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூச்சடைத்த, மெல்லிய, விக்கல் இல்லாத அழுகை. அவள் பெற்ற குழந்தை.

கொண்டி மாட்டியிருந்தது. வெளியே.

தோளிலிருந்ததைப் பிய்த்தெறியப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றி இறுகின. கன்னத்தில் பொத்தான் அழுந்தியது, ஈரமாக. காதுக்குள், அவள் குரலிலேயே, கொஞ்சலாக:

“உன்னை விட்டா எனக்கு யாரு?”

பாரம் தாங்காமல் தரையில் சாய்ந்தவள் பெட்டியை நோக்கித் தவழ்ந்தாள். மூன்று கிலோ, முப்பது கிலோவாகிக் கீழே அமுக்கியது. நீட்டிய கைக்கும் கொண்டிக்கும் ஒரு சாண். உள்ளே அழுகை விட்டு விட்டு வந்தது. அவள் மற்ற கையின் நகத்தைப் பொம்மையின் தோள் மூட்டில் நுழைத்து, நூலைத் தேடித் தேடி இழுத்தாள், பல்லால் கடித்து இழுத்தாள்.

பிரியவில்லை. அவள் போட்ட தையல்.