அணைக்காத வண்டி

எர்ச்சிமெனின் வண்டி நாற்பது நாளாக அணைக்கப்படாமல் முற்றத்தில் உறுமிக்கொண்டிருந்தது.

யாகுத்ஸ்கில் ஓடுகிற வண்டியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குளிர் மைனஸ் ஐம்பதைத் தொட்டுவிட்டால், அணைத்த எஞ்சின் மறுபடி பிடிக்குமா என்பது நிச்சயமில்லை. கடைக்குள் போகிறவர்கள் வண்டியை ஓடவிட்டுத்தான் போவார்கள். சிலர் இரவு முழுக்க ஓடவிடுவார்கள். மேலே தடித்த கம்பளி உறையைப் போர்த்தி, நான்கு பக்கமும் வாரால் இறுக்கி, சைலன்சரின் வாயை மட்டும் உறையின் ஓட்டை வழியாக வெளியே விடுவார்கள். கார்காலத்து மாட்டைப் போல வண்டி அசையாமல் நின்று புகை விடும்.

ஆனால் நாற்பது நாள் என்பது அந்த ஊருக்கே புதிது.

டாக்ஸியிலிருந்து பையுடன் இறங்கிய தூயாராவிடம் கீழ்வீட்டு வார்வாரா அதைத்தான் முதலில் சொன்னாள். அவள் குடிநீருக்காக வெட்டிவைத்த ஆற்றுப் பனிக்கட்டியை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பொண்டாட்டியக்கூட உங்க மாமா இப்படித் தாங்கினதில்லம்மா."

சொன்ன பிறகுதான், அந்தப் பொண்டாட்டியின் தங்கையிடம் பேசுகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. கழுத்துத் துணியை வாய்வரை இழுத்து மூடிக்கொண்டு வாளியுடன் உள்ளே போய்விட்டாள்.

தூயாராவின் அக்கா அய்தலீனா அந்த வண்டிக்குள்தான் செத்துப்போனாள். நடந்ததை எர்ச்சிமென் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தான். காலையில் உறையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாளாம், சூட்டில் கண் அசந்துவிட்டாளாம், உறை நழுவி சைலன்சர் வாயை மூடிவிட்டதாம். போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு, அன்று மாலையே வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். எர்ச்சிமென் சாவியைப் போட்டு எஞ்சினைக் கிளப்பினான். அப்புறம் அந்தச் சாவியை அவன் தொடவேயில்லை.

தூயாரா நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்காக வந்திருந்தாள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அக்காவின் மகள் குன்னேய்க்கு நாலரை வயது. தினமும் காலையில் அப்பாவின் வண்டியில் பாலர் பள்ளிக்குப் போய் இறங்கியதும் குழந்தை வாந்தி எடுக்கிறாள் என்று போனில் கேட்டதிலிருந்து தூயாராவுக்குச் சரியான தூக்கமில்லை. தெற்கே ஒரு ஊரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. எஞ்சின் புகை ஒரு சின்ன உடம்பை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியும். குன்னேய் அந்த வண்டியில் ஏறக்கூடாது. இதைச் சொல்லத்தான் ஆறு மணி நேரம் விமானத்தில் வந்தாள். ஆனால் எதிரே ஒரு ஆள் நின்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வண்டியைக் கடந்து படியேறும்போது அவள் நின்றாள்.

நாற்றம்.

அந்தக் குளிரில் எதற்கும் நாற்றம் கிடையாது. சந்தையில் மீன்கள் விறகுக்கட்டைகளாக நிற்கும். செத்த நாய்கூட மே மாதம் வரை கல்தான். அழுகுவதற்குச் சூடு வேண்டும். ஊர் முழுவதும் உறைந்துகிடக்க, அந்த உறைக்கு அடியில் மட்டும் நாற்பது நாளாகச் சூடு இருந்தது.

மீன் குடலும் புளித்த பாலும் கலந்த வாடை. அடியில் ஒரு இனிப்பு. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறினாள்.

சாப்பாட்டுக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். குதிரை ரத்தம் அடைத்த குடலைத் துண்டுபோட்டுத் தட்டில் வைத்திருந்தார்கள். வெட்டிய இடத்தில் கறுப்பாகக் கசிந்தது. தூயாரா தட்டைப் பார்க்காமல் எர்ச்சிமெனைப் பார்த்தாள். மேற்கோட்டைக் கழற்றாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கீழே எஞ்சின் சத்தம் லேசாக இறங்கினால் அவன் கரண்டி அந்தரத்தில் நின்றது. பழையபடி ஏறிய பிறகுதான் வாய்க்குப் போனது. ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை பெட்ரோல் கேனுடன் இறங்கிப் போய் வந்தான். எண்ணெய் மாற்ற வேண்டும், பத்து நிமிடம் அணைத்தால் போதும் என்று சொன்ன மெக்கானிக்கைப் போன வாரம் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான் என்று வார்வாரா காதோடு சொன்னாள்.

தூயாரா மூன்று தடவை தொண்டையைச் செருமினாள்.

"மாமா, நாளைக்குக் குன்னேய நான் பஸ்ல பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பஸ்லயா?" எர்ச்சிமென் சிரித்தான். "தெக்க போயி ஊரையே மறந்துட்ட. ஸ்டாப்புல பத்து நிமிஷம் நின்னா மூக்கு தனியா கையில வந்துரும். புள்ளைக்கு மூக்கு வேணாமா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். தூயாராவுக்குக் காது சிவந்தது. அப்படியானால் நானும் கூட வருகிறேன் என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

காலை எட்டு மணி. விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. முற்றத்தில் பனிப்புகை வெள்ளைச் சுவராக நின்றது. எர்ச்சிமென் குனிந்து வார்களை அவிழ்த்தான். தூயாரா மறுபக்கம் போய் உதவினாள். கொக்கிகள் எல்லாமே வெளிப்பக்கம். கையுறையைக் கழற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால்தான் ஒவ்வொன்றும் விட்டது.

இரண்டாவது கொக்கியில் அவள் கை நின்றது.

இதை உள்ளே இருந்து இறுக்க முடியாது. நான்கும் இறுகியிருந்தால் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் உள்ளே நுழையவும் முடியாது.

அவள் அந்தக் கொக்கியையும் இழுத்து அவிழ்த்தாள். உறையைத் தூக்கினார்கள். உள்ளிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று அவள் முகத்தில் அடித்தது. யாரோ முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூச்சு விட்டதைப் போல. உறையின் அடிப்பக்கத்துக் கம்பளி சடை பிடித்து, மஞ்சளாகக் கொழகொழத்துத் தொங்கியது. அதிலிருந்து நூல் நூலாக இறங்கிய சளி தரையைத் தொடுவதற்குள் உறைந்து குச்சியானது.

எர்ச்சிமென் அதைப் பார்க்காமல் பழகியிருந்தான்.

இருக்கை சூடாக இருந்தது. ஈரமாகவும். யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப் போல அந்தச் சூடு அவள் தொடைக்கு ஏறியது. கண்ணாடிகளின் உட்புறம் வியர்த்து வழிந்தது. தண்ணீர் இப்படி வழியாது. இது மெதுவாக, எச்சில் வழிவதைப் போல வழிந்தது. எர்ச்சிமென் ஒரு துணியால் துடைத்தான். அந்தத் துணி எந்த நிறமாக இருந்திருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

பின்னால் குன்னேய் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாய மூடிக்கோ சித்தி. முடி வரும்."

தூயாரா முன்னால் பார்த்தாள். ஹீட்டரின் சல்லடையில் ஒரு முடி மாட்டிக்கொண்டு சூடான காற்றில் ஆடியது. அவள் இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது. ஒரு முழம் போனது. கூடவே உள்ளே ஏதோ அசைந்து, ஒரு கொத்தாக, எண்ணெய்ப் பிசுக்கோடு சல்லடைக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதன் வேர்ப்பக்கத்தில் வெள்ளையாகத் தோல் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது.

அவள் கையை உதறினாள். முடி போகவில்லை. விரலைச் சுற்றிக்கொண்டது.

எர்ச்சிமென் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான்.

பாலர் பள்ளியின் வாசலில் இறக்கிவிட்டதும் குன்னேய் குனிந்து வாந்தி எடுத்தாள். விழுந்த வேகத்தில் அது படபடவென்று வெடித்து உறைந்தது. நேற்றைய அப்பம், பால். நடுவில் நீளமாக ஒரு முடி, குத்திவைத்த ஊசியாக நிமிர்ந்து நின்றது.

குன்னேய்க்குக் காதுவரைதான் முடி. தூயாராவும் குட்டையாக வெட்டியிருந்தாள். எர்ச்சிமென் மொட்டை.

"அது யார் முடி மாமா?"

அவன் பூட்ஸால் பனியைத் தள்ளி அதை மூடினான். குழந்தையைத் தூக்கிக்கொண்டான். வண்டியில் போய் உட்கார், எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தான். குன்னேய் அவன் தோள்மீதிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே போனாள். முகத்தில் ரத்தமே இல்லை.

குழந்தையின் ஐந்து அடுக்கு உடையைக் கழற்றப் பத்து நிமிடமாவது ஆகும்.

தூயாரா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு ஆளிடம் பேசுவதைவிட ஒரு சாவியைத் திருப்புவது அவளுக்குச் சுலபம். அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டால் எஞ்சின் குளிர்ந்து விறைத்துவிடும். கோடை வரை இந்த வண்டி நகராது. குழந்தை பிழைத்துக்கொள்வாள்.

திருப்பினாள்.

உறுமல் அடங்கியது. எங்கோ இரும்பு குளிர்ந்து சுருங்கும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

தட்.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

தட். தட்.

பின்னிருக்கையின் இடப்பக்கக் கண்ணாடி. வெளியே யாரும் இல்லை. தட்டுவது உள்ளேயிருந்து. விரல் முட்டியின் சத்தம் இல்லை அது. உள்ளங்கை. ஊறிப்போன உள்ளங்கை கண்ணாடியில் விழுந்து, ஒட்டி, பிய்ந்து வருகிற சத்தம்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவள் கதவைத் திறந்து வெளியே விழுந்தாள். கால் பின்னியது. எழுந்து திரும்பிப் பார்த்தபோது கண்ணாடிகளில் பனி பூக்கத் தொடங்கியிருந்தது. ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வெள்ளை பரவியது. முன்கண்ணாடி மறைந்தது. பக்கக் கண்ணாடிகள் மறைந்தன.

ஒரே ஒரு இடம் மறையவில்லை.

பின்பக்க இடது கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம். அது மங்கியது. தெளிந்தது. மங்கியது. தெளிந்தது.

யாரோ அங்கே முகத்தை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொப்பிகூட இல்லாமல் எர்ச்சிமென் ஓடி வந்தான். எஞ்சின் நின்றது உள்ளேயே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். வண்டி லேசாகக் குலுங்கியது. தட்டல் விடாமல் வந்தது.

"சாவியக் குடு."

அவள் கையைப் பின்னால் மறைத்தாள். கையுறை இல்லாத விரல்களில் இரும்பு தோலைப் பிடித்துக்கொண்டது.

"குடும்மா. சத்தம் கேக்குது பாரு. எஞ்சின் ஓடினா கேக்காது. குடும்மா."

"உறைய யாரு கட்டினது மாமா?"

வாழ்நாளில் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அன்று காலை சண்டை. அய்தலீனா கோபித்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தாள். இந்தக் குளிரில் கோபித்துக்கொண்டு போக வேறு இடம் ஏது? குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவள் தெற்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்றுதான் ஓடுகிற வண்டிமேல் உறையைப் போட்டான். நான்கு வாரையும் இறுக்கினான். அவசரத்தில் சைலன்சரைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளே கிடந்து கோபம் தணியட்டும் என்று நினைத்தான்.

"அவ கூப்பிடலையா?"

தட்டல் நின்றது.

கண்ணாடியில் அந்த வட்டம் மங்கவுமில்லை, தெளியவுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். வட்டத்தின் விளிம்பிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு கீழே இறங்கி, பாதியில் உறைந்தது.

எர்ச்சிமெனின் காது மடல்கள் வெளுத்துவிட்டன. அவன் அதைத் தேய்க்கவில்லை. தூயாராவைப் பார்க்கவும் இல்லை. கண்ணாடியிடம் சொன்னான்.

"தட்டினே. ரொம்ப நேரம் தட்டினே. எனக்குக் கேட்டுச்சு. நான் ஜன்னல்கிட்ட உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன்."