வியன்னா போய்ச் சேராதவர்

மஹ்லகா அழவில்லை. அதுதான் நீதிபதியின் உதவியாளன் கியூமர்ஸுக்குச் சங்கடமாக இருந்தது. அழுகிற பெண்ணிடம் ஒரு டம்ளர் தேநீரையாவது நீட்டலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் என்னத்தை நீட்டுவது? இருந்தாலும் நீட்டினான். அவள் வாங்கி, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் புருஷன் அன்னிக்கு ஏர்போர்ட் போறார்னு யார் சொல்லிக் கொடுத்தாங்க? அது எனக்குத் தெரியணும்" என்றாள்.

எதிரே மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் விசாரணை நீதிபதி ஹூஷங் மொஃபீதி. தெஹ்ரான் முழுவதும் வெந்து வியர்க்கும் ஜூலை வெயிலில்கூட அந்தக் கோட்டைக் கழற்றாதவர் என்று அலுவலகத்தில் கேலி உண்டு. இது ஜனவரி, ஆகவே யாரும் சிரிக்கவில்லை.

அவள் கணவர் டாக்டர் அர்தலான் ஷகீபி செத்தது முந்தாநாள். வியன்னாவில் அணுப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் எங்கள் தூதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கோபப்படுவார்கள். யுரேனியத்தை எவ்வளவு செறிவூட்டினீர்கள், எத்தனை இயந்திரங்கள் சுழல்கின்றன என்று வெள்ளைக்காரர்கள் கேட்கும்போது, பின்வரிசையிலிருந்து பதில் எடுத்துக்கொடுப்பவர் ஷகீபி. பேச்சுவார்த்தை நடந்தால் டாலர் இறங்கும், முறிந்தால் ஏறும். கடைத்தெருவுக்கு அவ்வளவுதான் தெரியும். இந்த முறை அவர் போவதையே ரகசியமாக வைத்திருந்தார்கள். விமான நிலையச் சாலையில் ஒரு பிக்கப் வண்டி குறுக்கே வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கிச் சுட்டார்கள். ஓட்டுநர் கரமத்துக்கு நெற்றியில் கண்ணாடிக் கீறல் மட்டும். பிழைத்ததே அவன் செய்த குற்றமாகிவிட்டது.

"கரமத்தான்னு சொல்றாங்க. ஒன்பது வருஷம் எங்க வீட்டுச் சோறு தின்னவன். அவன்தான்னா அவன் வாயால கேக்கணும். இல்லேன்னா யாருன்னு சொல்லுங்க."

"நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் அம்மாகிட்டகூட ஒரு வார்த்தை பேசல."

ஹூஷங் தலையசைத்தார். அவள் சொன்னது உண்மை என்று அவருக்குப் பட்டது.

அவள் எழுந்த நேரத்தில் பாதுகாப்புத் துறையின் ஹாஜி நஸ்ரதி வந்தார். வாசலில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று எங்கள் ஊர் உபசாரம் ஆரம்பித்தது. துக்க வீட்டுக்காரி பாதியிலேயே அதை விட்டுவிட்டுத் தலைகுனிந்தபடி வெளியேறினாள். நஸ்ரதிக்கு முகம் சுருங்கிப்போனது.

"டிரைவர் கதைய வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க" என்றார், உட்காராமலே. "அதுக்கப்புறம் தூக்குத் தண்டனை கேட்டு மேல அனுப்பிடுவோம்."

"ஏன் வியாழன்?"

"மேலிடத்துல கேக்கறாங்க."

"அவனுக்குப் பயணம் பத்தி எப்பத் தெரியும், ஹாஜி?"

"வண்டியில ஏறி, தெருமுனை தாண்டினப்புறம் டாக்டரே சொல்லுவார்னு ஏற்பாடு. முதல் நாள் ராத்திரியே அவன் ஃபோனை நாங்க வாங்கி வச்சிட்டோம். டாக்டரோட பெட்டியும் எங்க ஆபீஸ்லேர்ந்தே போயிடுச்சு. அவர் கையில எதுவும் இல்ல."

"ஃபோனும் இல்ல, விஷயமும் தெரியாது. அப்புறம் எப்படிச் சொன்னான்?"

"எப்படியோ சொன்னான். வேற யார் இருக்கா? எனக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். நான் சொன்னேங்கறீங்களா?"

அவர் போனதும் கியூமர்ஸ் துள்ளினான். "ஐயா, ஹாஜிதான்! முகத்தப் பாத்தீங்களா? வெந்த பீட்ரூட் மாதிரி!"

"கஞ்சனுங்க ஊரான இஸ்ஃபஹான்காரன் நீ, உனக்குச் செலவில்லாம கிடைக்கறது சந்தேகம் ஒண்ணுதான்" என்றார் ஹூஷங். "அந்தப் பிக்கப் எப்பத் திருடு போச்சுன்னு விசாரிச்சியா?"

"விசாரிச்சேன். தெற்கே காய்கறி மண்டியில. டாக்டர் வீட்டை விட்டுக் கிளம்பின பிறகுதான். வண்டிக்காரன் கேரட் மூட்டை இறக்கிட்டுத் திரும்பறதுக்குள்ள வண்டியக் காணோம்."

"அப்ப ஹாஜி இல்ல. ஹாஜிக்கு முதல் நாளே தெரியும். அவர் சொல்லியிருந்தா ராத்திரியே வண்டி தயாரா இருந்திருக்கும். காலையில மண்டியில போய் அவசரமா எவனும் திருட மாட்டான். வா, வீட்டைப் பாப்போம்."

ஷகீபியின் வீடு நகரத்தின் வடக்கே ஒரு குறுகிய சந்தில். மலைச்சாரல் ஆனதால் குளிர் அதிகம். பத்து நாட்களாக மழையோ பனியோ இல்லை. தார் காய்ந்து கிடந்தது. ஓரக் கால்வாயும் வறண்டுதான் இருந்தது. கியூமர்ஸ் முன்னால் ஓடினான். வீட்டு வாசலுக்கு நேரே கால் வழுக்கி, பொத்தென்று விழுந்தான்.

"அடி பட்டுச்சா?"

"மானம்தான் போச்சு, ஐயா."

ஹூஷங் அவனைத் தூக்கவில்லை. அவன் விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். தெருவெல்லாம் காய்ந்திருக்க, வெயில் படாத அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் பனிக்கட்டி படிந்திருந்தது. அதற்குள் ஒரு பச்சை இலை உறைந்து கிடந்தது. சந்தில் இருந்த மரங்கள் எல்லாம் மொட்டையாக நின்றன.

"நாரத்தை இலை" என்றார். "வீட்டுக்குள்ள தொட்டியில வளக்கறது."

பிறகு எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். மூடிய ஜன்னலுக்கு வெளியே, விளிம்பில், பூசணி விதைத் தோல் குவிந்திருந்தது. கியூமர்ஸ் போய் வீட்டுக்காரரை விசாரித்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினான். கோடையில் வாடகைக்கு வந்த ஓர் இளம் தம்பதி; யாரோடும் பேசமாட்டார்கள்; முந்தாநாள் மத்தியானம் சாவியைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டார்கள்.

"மாசக்கணக்கா உக்காந்து பாத்திருக்காங்க, ஐயா! ஆனா என்னத்தைப் பாத்தாங்க? அதே கார், அதே டிரைவர், அதே கோட்டு. பெட்டிகூட இல்ல. ஆபீஸ் போறாரா, ஏர்போர்ட் போறாரான்னு ஜன்னல்லேர்ந்து எப்படித் தெரியும்?"

ஹூஷங் மறுபடி அந்த இலையைப் பார்த்தார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொன்னவர் அவர். சொல்லும்போது இப்போதெல்லாம் உள்ளே எதுவும் அசைவதில்லை. அன்று மட்டும், அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக அவருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அதே வீட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூட்டினார். துக்கத்துக்கு வந்தவர்கள் கொடுத்த பேரீச்சம்பழமும் அல்வாவும் தட்டுத் தட்டாக இருந்தன, யாரும் தொடவில்லை. கரமத்தை விலங்கோடு கொண்டுவந்திருந்தார்கள். அவன் மஹ்லகாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அம்மா, டாக்டர் உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னார்..."

"அப்புறம்" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை.

ஹூஷங் பிக்கப் வண்டியைப் பற்றிச் சொன்னார். எதிர்மாடியைப் பற்றிச் சொன்னார். "இந்தச் சந்திலேர்ந்து அவர் ஆபீஸ் கிட்டக்க. வழியெல்லாம் ஜனம். சுட்டுட்டு ஓட முடியாது. அவர் நீள ரோட்டுல போற ஒரு நாளுக்காகக் காத்திருந்தாங்க. அந்த நாள் வந்துச்சுன்னு ஜன்னல்லேர்ந்தே அவங்களுக்குத் தெரிஞ்சுது. இங்கேர்ந்து ஏர்போர்ட் போக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வண்டியத் திருட அது போதும்." மஹ்லகாவின் பக்கம் திரும்பினார். "தினமும் அவரை வாசல் வரைக்கும் வந்து அனுப்புவீங்களா?"

"இல்ல. மேலேயே விடைகொடுத்துடுவேன்."

"அன்னிக்கு?"

அவள் வாய் திறந்தது. அப்படியே நின்றது.

கியூமர்ஸுக்கு அப்போதுதான் விளங்கியது. "தண்ணி!" என்று கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டான்.

எங்கள் வீடுகளில் தூரப் பயணம் போகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றுவோம், ஓர் இலையோ பூவோ போட்டு. போனவர் திரும்பி வரவேண்டும் என்றுதான். ஆபீஸ் போகிறவருக்கு யாரும் ஊற்றுவதில்லை. எதிர்மாடியில் இருந்தவர்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான். அவர்களுக்கும் அது தெரியும்.

"அவர் உங்ககிட்ட சொன்னாரா?" என்று கேட்டார் ஹூஷங், மெதுவாக.

"சொல்லல. தினமும் டீயைச் சூடாக் குடிச்சிட்டு ஓடுவார். அன்னிக்கு ஆறவிட்டு, என்னைப் பாத்துக்கிட்டே குடிச்சார்." வாசல் பக்கம் பார்த்தாள். "நான் ஊத்தலேன்னா?"

ஹூஷங்குக்குப் பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "அன்னிக்கு வியன்னா போயிருப்பார்."

அவள் தலையாட்டினாள், கடைக்காரர் விலை சொன்னதைக் கேட்டுக்கொண்டதுபோல. கியூமர்ஸ்தான் அழுதான்.

நஸ்ரதி எழுந்துவிட்டார். "இதெல்லாம் ஒரு விசாரணையா? கிண்ணத் தண்ணியால செத்தார்னு நான் அங்க போய் உக்காந்து சொல்லணுமா? சிரிக்க மாட்டாங்களா? டிரைவர்தான். அவன்தான்னு முடிச்சா எல்லாருக்கும் நல்லது!"

"அங்கன்னா எங்க, ஹாஜி?"

நஸ்ரதி அல்வாத் தட்டைப் பார்த்தார்.

"நாளைக்கு, வெள்ளிக்கிழமை, தூதர்களோட வியன்னா போறது நீங்கதான்" என்றார் ஹூஷங். "அதான் வியாழன். காட்டிக் கொடுத்தவன் கரமத்துன்னா, அவன் உள்ள இருக்கான், உங்க ரோடு பத்திரம். அவன் இல்லேன்னா, உங்களுக்குத் தூக்கம் வராது. உங்களத் தப்பு சொல்லல. ஆனா அவனத் தூக்குல போட்டாலும் உங்க வீட்டெதிர்ல ஒரு ஜன்னல் இருக்கும்."

நஸ்ரதி மெல்ல உட்கார்ந்தார். பயந்த மனிதனின் முகம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று கியூமர்ஸ் நினைத்தான்.

"என் வீட்ல யாருக்கும் தெரியாது. மனைவிகிட்ட மூச்சுவிடல" என்றார்.

"தெரியும்" என்றாள் மஹ்லகா. "எங்களுக்கு எப்பவும் தெரியும். கேக்க மாட்டோம், அவ்வளவுதான்."

நஸ்ரதி அவளையே பார்த்தார். காலையில் மனைவி தன் கம்பளிக் காலுறைகளைத் துவைத்து அடுக்கிக்கொண்டிருந்ததை நினைத்தாரோ என்னவோ. காவலரிடம் திரும்பி, "அவன் விலங்கக் கழட்டு" என்றார்.

கரமத் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான். மஹ்லகா எழுந்து கறுப்புச் சாதர் போர்வையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். புருஷன் போனதிலிருந்து அவள் தானாக எழுந்து செய்த முதல் காரியம் அதுதான்.

"ஹாஜி, உங்க வீடு எங்க இருக்கு? கரமத் என்னை அழைச்சிட்டுப் போவான். டாக்டர் சொல்லச் சொன்னதை வழியில சொல்லட்டும்."

"அங்க போய் என்ன சொல்லப் போறீங்க?"

"நாளைக்கு வாசலுக்கு வரவேண்டாம்னு."